லேப்டாப்பில் வைஃபை பட்டனே காணோமா? ‘போர்டு போச்சு’ என முடிவு கட்டும் முன் இதைப் பாருங்க!

லேப்டாப் ஆன் ஆகிறது, மற்ற எல்லாம் சரியாக ஓடுகிறது. ஆனால், வைஃபை ஐகான் இருந்த இடத்தில் வெறும் உலக உருண்டை. கிளிக் செய்தால் வைஃபை பட்டனே இல்லை. அதே அறையில் போனில் நெட் ஜோராக ஓடுகிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒரு நாள் சம்பளப் பிரச்னை. பதற்றத்தில் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், தேவையே இல்லாமல் ஒரு பாகத்தை மாற்றிக்கொண்டு வரும் வாய்ப்பும் உண்டு.

பல நேரங்களில் நெட்வொர்க் கார்டு சாவதில்லை. டிரைவரோடும் பவர் செட்டிங்கோடும் மற்ற பாகங்களோடும் அதற்கு ஏதோ தகராறு. அந்தத் தகராறு எங்கே என்பதைச் செலவில்லாமல் நாமே கண்டுபிடிக்கலாம்.

அது என்ன ‘ஹார்ட்வேர் கான்ஃப்ளிக்ட்’?

பழைய கம்ப்யூட்டர்களில் ஒரு பாகம் பிராசசரை அழைக்க ‘ஐஆர்க்யூ’ என்ற லைனைப் பயன்படுத்தும். 0 முதல் 15 வரை மொத்தமே 16 லைன்கள்தான். கீபோர்டு, டிஸ்க், மவுஸ் என ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் கொஞ்சம்தான். என்இ2000 வகை நெட்வொர்க் கார்டுகள் பல, 3-ம் நம்பர் லைனில் செட் ஆகி வந்தன. இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கும் அதே லைன்தான். அதில் மோடம் மாட்டியிருந்தால் இரண்டில் ஒன்று மக்கர் பண்ணும். கார்டில் இருக்கும் ஜம்பரைக் கையால் மாற்றி மாட்டித்தான் சமாதானம் செய்ய வேண்டும்.

1995-ல் வந்த விண்டோஸ் 95-ன் ‘பிளக் அண்ட் பிளே’ வசதி இந்தப் பங்கீட்டைத் தானாகச் செய்யத் தொடங்கியது. பிசிஐ கார்டுகள் ஒரே லைனைப் பகிர்ந்துகொள்ளவும் பழகின. இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகள் பெரும்பாலும் லைனே இல்லாமல், மெசேஜ் அனுப்பித்தான் பிராசசரை அழைக்கின்றன. அதனால், சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் இரண்டு பாகங்களுக்கு ஒரே ஐஆர்க்யூ நம்பர் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இன்று நடக்கும் மோதல்கள் வேறு வகை.

முதல் டெஸ்ட்: உங்க கையில் இருக்கும் போன்

போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள். நெட் வந்துவிட்டால் ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். விண்டோஸின் நெட்வொர்க் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது, சிக்கல் கார்டு அல்லது அதன் டிரைவரில் என்பது தெரிந்துவிடும். டிரைவர் டவுன்லோடு செய்ய நெட்டும் கிடைத்துவிடும்.

டிவைஸ் மேனேஜர் சொல்லும் நம்பர்

விண்டோஸ் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ போங்கள். ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ பகுதியில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால், அதை டபுள் கிளிக் செய்யுங்கள். ‘ஜெனரல்’ பக்கத்தில் ஒரு கோட் நம்பர் இருக்கும்.

● கோட் 10: கார்டு ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் டிரைவரைச் சந்தேகப்படுங்கள்.
● கோட் 12: கார்டுக்குத் தேவையான ரிசோர்ஸ் கிடைக்கவில்லை. நிஜமான கான்ஃப்ளிக்ட் இதுதான்.
● கோட் 22: யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள். ‘எனேபிள்’ கொடுத்தால் போதும்.
● கோட் 28: டிரைவரே இன்ஸ்டால் ஆகவில்லை.
● கோட் 43: கார்டு கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது.

கோட் 12 வந்தால் ‘ரிசோர்சஸ்’ பக்கத்தில், எந்தப் பாகத்தோடு மோதல் என்பது தெரியும். அந்தப் பாகம் தேவையில்லை என்றால் டிசேபிள் செய்து பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் கார்டை வேறு ஸ்லாட்டில் மாட்டிப் பார்க்கலாம். பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதுசா எஸ்எஸ்டி போட்டீங்களா?

டெஸ்க்டாப்பில் எம்.2 எஸ்எஸ்டி மாட்டிய பிறகு நெட்வொர்க் கார்டு லிஸ்ட்டிலேயே வரவில்லையா? சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றில் ஆள் வந்தால் மற்றது ஆஃப். எது எதோடு பகிர்கிறது என்பது மதர்போர்டு மேனுவலில் இருக்கும்.

ஷட்டவுன் செஞ்சா போதாது

விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஆன் ஆகியிருந்தால், ஷட்டவுன் செய்தாலும் சிஸ்டத்தின் ஒரு பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு, மறுபடி அதே நிலையில் எழும்பும். கூடவே டிரைவரின் கோளாறும் எழும்பலாம். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதிலும் சரியாகவில்லை என்றால், லேப்டாப்பை ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஆன் செய்யுங்கள். காணாமல் போன வைஃபை கார்டு இப்படித் திரும்பி வருவது சகஜம்.

அடுத்தது டிரைவர். அப்டேட்டுக்குப் பிறகு சிக்கல் வந்திருந்தால் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுங்கள். புதிதாகப் போடுவதென்றால், லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை முதலில் டவுன்லோடு செய்துகொண்டு, அப்புறம் பழையதை நீக்குங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் இந்த இடத்தில் கை வைக்காமல் ஐடி டீமிடம் கோட் நம்பரைச் சொல்லுங்கள், அவர்களுக்கும் பாதி வேலை மிச்சம்.

அடிக்கடி தூக்கத்துக்குப் போய் எழும்போது நெட் கட் ஆகிறதா? கார்டின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்த டிவைஸை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

கான்ஃப்ளிக்ட் மாதிரி தெரியும், ஆனா இல்லை

யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் வைஃபை தடுமாறினால், அது ரேடியோ இரைச்சல். யுஎஸ்பி 3.0 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பாதிக்கும் என்று இன்டெல் 2012-லேயே விளக்கியிருக்கிறது. டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள் அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள். ‘ஐபி அட்ரஸ் கான்ஃப்ளிக்ட்’ என்று மெசேஜ் வந்தாலும் கார்டு மீது பழி இல்லை. ஒரே முகவரியை இரண்டு சாதனங்கள் பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், கார்டு உயிரோடு இருக்கிறது, ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று அர்த்தம்.

எப்போது கடைக்குப் போகலாம்?

பவர் பட்டன் வைத்தியம், புது டிரைவர் இரண்டுக்கும் பிறகும் கோட் 43 நீடித்தாலோ, கார்டு பயாஸிலும் டிவைஸ் மேனேஜரிலும் தென்படாவிட்டாலோ, அது நிஜமான ஹார்ட்வேர் பழுதாக இருக்கலாம். அப்போதும் ‘போர்டு மாத்தணும்’ என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். பல லேப்டாப்களில் வைஃபை கார்டு தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது. “கார்டு மட்டும் மாத்த முடியுமா?” என்று கேளுங்கள். போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்த மாடல் என்றாலும், யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று போதும், நாளைக்கே வேலையைத் தொடரலாம்.