கிணற்றடியில் வழுக்கும் கால்

யாழ்ப்பாணத்து அச்சுவேலிப் பக்கம் வயதானவர்களிடம் என்ன வருத்தம் என்று கேட்டால் சீனி, பிரஷர், முழங்கால் நோ என்று வரிசையாக வரும். விழுந்த கதையை மட்டும் சொல்லமாட்டார்கள். சொன்னால் கனடாவிலிருந்து மகள் போன் எடுத்து, "இனிக் கிணத்தடிக்குப் போகாதேங்கோ, அம்மா" என்று மறித்துவிடுவாளே!

முதுமையில் பலரைப் படுக்கையில் போடுவது அந்த விழுகைதான். உலகில் ஆண்டுக்குச் சுமார் 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் கூடுதலானோர் 60 வயதைத் தாண்டியவர்கள். இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டிலேயே அந்த வயதினர் 12.4 வீதம். போரும் புலம்பெயர்வும் பிள்ளைகளைக் கொண்டுபோன யாழ்ப்பாணத்தில், காசு வரும் பல வீடுகளில் கைபிடித்துவிட ஆளில்லை.

குந்தியிருந்து உடுப்புத் தோய்த்தவர் சட்டென்று எழும்பும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பிரஷர் குளிகை போடுபவர்களுக்கு இது இன்னும் கூட. நீண்டநாள் நீரிழிவு பாதத்தின் உணர்வைக் குறைத்துவிடுவதால் கால் எங்கே படுகிறதென்று தெரியாது. சீனிக் குளிகையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி மயக்கம் வரும். இதற்குமேல் கிணற்றடிச் சீமெந்தில் பாசியும் சவர்க்கார நுரையும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் சத்துமாப் பேணிகள் அனுப்புகிறார்கள். அந்தக் காசில் மலசலகூடச் சுவரில் ஒரு கைப்பிடிக் குழாய் பொருத்தலாம், படுக்கையிலிருந்து அதுவரை இரவு விளக்குப் போடலாம். என் கணக்கில் அதுதான் பெரிய மருந்து. கிணற்றடிக்குப் போகாதே என்பது பிழையான புத்தி: நடமாட்டம் குறையக் கால் தசை கரைந்து, விழும் ஆபத்து ஏறும். 65 வயதுக்கு மேல் கிழமையில் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி வேண்டும். உறுதியான கதிரையில் கையூன்றாமல் எழும்பி இருந்து பழகுவதும் பயிற்சிதான்.

அடுத்த முறை அச்சுவேலி பிரதேச வைத்தியசாலைக்கு கிளினிக் கொப்பியோடு போகும்போது, விழுந்ததையும் தலை சுற்றுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இருந்தபடியும் நின்றபடியும் பிரஷர் பார்த்து, தேவையென்றால் குளிகையின் அளவை மாற்றுவார்கள். நீங்களாகக் குளிகையை நிறுத்த வேண்டாம். விழுந்தவர் இடுப்பு நோவால் எழும்ப முடியாமல் கிடந்தால், இழுத்துத் தூக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். 2018 யூலையில் வடக்குக்கு வந்த அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் கிடையாது.