ஓ.எஸ். போடும்போது உள்ளே வரும் திருடன்

அரசு கொடுத்த மடிக்கணினி கொஞ்சம் மெதுவாக ஓடினால் போதும், பிள்ளைகள் அதைத் தெருமுனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். “அந்த லினக்ஸை எடுத்துட்டு, புதுசா விண்டோஸ் போட்டுக் கொடுங்கண்ணா.” ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஆபத்து தொடங்குவதும் அங்கேதான்.

2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் பல கணினிகளில் சேர்ந்து வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து இந்தியாவிலேயே உருவாக்கிய ஓ.எஸ். அது. தமிழிலும் இயங்கும். அதன் அருமையை உணர ஒரு பென்டிரைவ் போதும்.

ப்ராஜெக்ட் பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் செருகிய பென்டிரைவை வீட்டில் திறந்தால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகக் கிடக்கும். உண்மையான ஃபோல்டரை ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைப்பது வைரஸின் வேலை. சொடுக்கியதும் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். ஃபைல் கிடைத்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதே பென்டிரைவை லினக்ஸில் செருகினால், ஒளித்துவைத்த ஃபோல்டர்கள் பளிச்சென்று தெரியும். விண்டோஸுக்காக எழுதிய அந்த ஷார்ட்கட் அங்கே ஓடாது. வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். இந்த வசதியைத்தான் கடையில் அழிக்கச் சொல்கிறோம்.

பென்டிரைவ் வைரஸைவிட என்னைக் கவலைப்படவைப்பது ‘கிராக்’. லைசென்ஸ் இல்லாத விண்டோஸையும் ஆபீஸையும் ஓடவைக்க ஒரு ‘ஆக்டிவேட்டர்’ போடுகிறார்கள். அதை இயக்க முதல் நிபந்தனை, ஆன்ட்டிவைரஸை அணைக்க வேண்டும். அடுத்தது, அட்மின் அனுமதி கொடுக்க வேண்டும். யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலுக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறோம். இத்தகைய கிராக்குகளோடு ஒட்டிவரும் தகவல் திருடும் நிரல்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளிச் செல்லும். குக்கீ கிடைத்துவிட்டால் பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ இல்லாமலேகூட மெயிலுக்குள் நுழைய முடியும். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, வங்கித் தகவல் எல்லாம் அந்த ஒரே மெயிலில்தானே இருக்கின்றன?

பழைய கணினிகளின் நிலை இன்னும் மோசம். விண்டோஸ் 7-க்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபரிலும் முடிந்துபோனது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல பழைய கணினிகளில் இல்லை. அவற்றுக்குத் தொடர்ந்து அப்டேட் பெற எளிய வழி, புதிய லினக்ஸ் பதிப்புதான்.

வேலைக்குப் போகிற இடத்தில் விண்டோஸ்தானே என்பார்கள். லினக்ஸுக்கும் வைரஸ் உண்டு என்பார்கள். இரண்டும் உண்மைதான். அதற்காக, கணினியோடு வந்த முறையான விண்டோஸை அழித்துவிட்டு கிராக் போட வேண்டியதில்லை. எழுதவும் கணக்குப் போடவும் லிபர்ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அன்றாட வேலைக்கு அட்மின் அனுமதி இல்லாத தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

இவற்றைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லித்தருவது? மடிக்கணினியைக் கையில் கொடுக்கும் நாளிலேயே, லினக்ஸில் எப்படி நுழைவது, கிராக் ஏன் கூடாது என்று பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரு வகுப்பு நடத்த வேண்டும். நாம் நடத்தாத அந்த வகுப்பைத்தான் இன்று கடைக்காரர் நடத்திக்கொண்டிருக்கிறார்.