என்ஜின் அறையை விட்டு இறங்காதவர்



நம்ம செஞ்சிப் பக்கம் மலை உண்டு, கோட்டை உண்டு, கடல் மட்டும் கிடையாது. அலையைப் பார்க்கணும்னா திண்டிவனம் தாண்டி மரக்காணம் போகணும். அப்படி இருக்க, ரோந்துப் படகைப் பற்றி ஏன் கட்டுரை என்று கேட்பீர்கள். இந்தக் கதையின் நாயகன் ஒரு டெக்னீஷியன். நம்ம இனம்!

1971. கிழக்கு பாகிஸ்தானில் விடுதலைப் போர். முக்தி பாஹினிக்குக் கப்பல் எதுவும் இல்லை. அப்போது கல்கத்தா துறைமுகக் கழகத்தின் இரண்டு படகுகள் கைமாறின. அவற்றின் பெயர் 'பத்மா', 'பலாஷ்'. ஆளுக்கு இரண்டு 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கி பொருத்தினார்கள். அமைதிக் காலத்தில் துறைமுக வேலை பார்த்தவை போர்ப் படகுகள் ஆயின.

சொல்வது சுலபம். ஆனால் பீரங்கி சுடும்போது பின்னுதைப்பு முழுதும் டெக்கில்தான் இறங்கும். அதனால் அடியில் தாங்கு கொடுக்கணும். மேலே எடை ஏறினால் ஈர்ப்பு மையமும் மேலே ஏறும், சாய்ந்த படகு நிமிர்வது கஷ்டம். அப்ளைடு மெக்கானிக்ஸில் 'இது எதுக்கு சார்?' என்று கேட்கிறோமே, இதுக்குத்தான்!

படகுகளை நடத்தியவர்கள் இந்தியக் கடற்படை அதிகாரிகள். மாலுமிகளில் பெரும்பாலோர் பாகிஸ்தான் கடற்படையை விட்டு வந்த வங்காளிகள். நவம்பரில் இவை மோங்லா துறைமுக வழியில் கண்ணிவெடி போட்டு, கப்பல் போக்குவரத்தையே கலங்கடித்தன.

டிசம்பர் 3-ல் முழுப் போர் தொடங்கியது. 'ஃபோர்ஸ் ஆல்ஃபா' என்ற சிறு அணி புறப்பட்டது. தலைமை கமாண்டர் எம்.என். சமந்த். பத்மா, பலாஷுடன் ஐ.என்.எஸ். பன்வேல் என்ற ரஷ்யப் படகும் சேர்ந்தது. அதே வகையில் நம்ம பாம்பன், பழவேற்காடு பெயர் தாங்கிய படகுகளும் கடற்படையில் இருந்தன. சுந்தரவனக் காடு வழியாக வந்து டிசம்பர் 10 காலையில் மோங்லாவை அடைந்தார்கள். எதிர்ப்பே இல்லை. அடுத்த குறி, ஆற்றில் மேலே உள்ள குல்னா.

நண்பகல் நெருங்கும் நேரம். வானில் விமானங்கள். நம்ம விமானங்கள்தான்! அடையாளத்துக்காகப் படகுகளின் மேல்கட்டில் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆனாலும் குண்டு விழுந்தது.

எப்படி நடக்கும் இது? மணிக்கு 600 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 167 மீட்டர். 3 கி.மீ. தூரத்தில் படகைப் பார்த்தால், தலைக்கு மேல் வர 18 வினாடிதான். அதற்குள் நிறத்தைப் பார்த்து, நண்பனா எதிரியா என்று தீர்மானிக்கணும். பெரிய கப்பல்களிலும் விமானங்களிலும் இதற்கென்றே ஒரு மின்னணுக் கருவி உண்டு. ரேடியோ அலையில் கேள்வி போகும், சரியான சங்கேதம் பதிலாக வந்தால் நண்பன். இந்தப் படகுகளுக்கோ பெயின்ட்தான் அடையாள அட்டை.

முதலில் பத்மா அடிபட்டது. பலாஷில் 'படகை விட்டு இறங்குங்கள்' என்று உத்தரவு. எல்லோரும் குதித்தார்கள். முகமது ருஹுல் அமீன் மட்டும் குதிக்கவில்லை. அவர் என்ஜின் ரூம் ஆர்ட்டிஃபைசர். நோவாகாலி மாவட்டத்துக்காரர். 1953-ல் கடற்படையில் சேர்ந்து என்ஜின் வேலையிலேயே வளர்ந்தவர். என்ஜின் ஓடினால் படகைக் காப்பாற்றலாம் என்று கீழேயே நின்றார். விமானம் திரும்பி வந்தது. இந்தத் தடவை குண்டு என்ஜின் அறையில். காயத்தோடு ஆற்றில் குதித்துக் கரை சேர்ந்தவரை, அங்கே இருந்த ரஜாக்கர்கள் கொன்றுவிட்டார்கள் என்று பங்களாதேஷ் வரலாறு சொல்கிறது.

தப்பிய பன்வேல், தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கிக்கொண்டு, அதற்கப்புறமும் குல்னாவைத் தாக்கியது. சமந்துக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. மூழ்கிய படகில் இருந்து, காயத்தோடு எதிரியின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துத் தோழர்களைத் தப்பவிட்ட மாலுமி சிமன் சிங்குக்கும் அதே விருது.

ருஹுல் அமீனுக்கு 1973-ல் 'பீர் ஸ்ரேஷ்டோ', பங்களாதேஷின் மிக உயர்ந்த வீர விருது. அதைப் பெற்றவர்கள் மொத்தமே ஏழு பேர், அதில் கடற்படைக்காரர் இவர் ஒருவர்தான். ரூப்சா ஆற்றங்கரையில் அவர் சமாதி இருக்கிறது. 2013-ல் பங்களாதேஷ் கடற்படையில் சேர்ந்த புது ரோந்துக் கப்பல் ஒன்றுக்கு 'பத்மா' என்று பெயர். கட்டியது எங்கே தெரியுமா? அதே குல்னாவில்!

உத்தரவு வந்தும் நின்றது சரியா என்று ஹாஸ்டலில் விவாதிக்கலாம். உயிர் போனால் திரும்பாது, அது உண்மை. ஆனால் ஒன்று: பீரங்கி சுடுபவரை எல்லோரும் பார்ப்பார்கள், கீழே எண்ணெய்க் கையோடு நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை. அவர் நிறுத்தினால்தான் அவர் இருந்தது தெரியும்.

நாளை நம்மில் பலர் அப்படி ஓர் அறையில்தான் நிற்கப் போகிறோம். பெயின்ட் அடிப்பதோ, போல்ட் முடுக்குவதோ, 'இது போதும்' என்று விடும்முன் ஒரு நிமிஷம் யோசிப்போம். அதை நம்பி மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.