சிறு சீல் கசிந்தால் பெரும் ஆபத்து!

மும்பை குர்லா தொழிற்சாலையில் உருவான பிரிமியர் பத்மினி கார்கள், 2023 அக்டோபரில் டாக்சி ஓட்டத்திலிருந்து விடைபெற்றன. ஆனால், அதைச் சொந்தக் காராகப் பேணுவோர் இன்றும் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டியது: பின் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிகிறதா?

ஆக்சிலில் உள்ள கியர் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது ஆயில் சீல். அதன் ரப்பர் உதடு காய்ந்து தேய்ந்தால், எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் இறங்கி, ஷூவை நனைத்துவிடும். பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மழைக்காலத்தில் இது உயிருக்கே உலை வைக்கும்.

மாற்றுவது எப்படி?

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, ஆக்சில் ஷாப்டை உருவ வேண்டும். பழைய சீலை நெம்பி எடுத்துவிட்டு, புதிய சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலை நோக்கி இருக்கும்படி, கோணாமல் தட்டிப் பொருத்த வேண்டும்.

அதோடு வேலை முடியவில்லை. ஆக்சிலின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும், பேரிங் ஆடினாலும் புதிய சீலும் கசியும். எண்ணெய் குடித்த பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது சிலர் வழக்கம். சூடேறியதும் ஊறிய எண்ணெய் மீண்டும் வெளியே வரும். இரு பக்கமும் புதிய லைனிங் போடுவதே பாதுகாப்பு. அதில் மிச்சம் பிடிக்கும் காசு மிச்சமல்ல!