பணம் வந்துச்சா... உங்க போன்ல பாருங்க! சிறு வியாபாரிகளுக்கு கைகொடுக்கும் இலவச ஆப்கள்

தேனி,

பெரியகுளத்தில் இருந்து கூடலூர் வரை டீக்கடை, காய்கறிக் கடை, பூக்கடை, தள்ளுவண்டி என்று எங்கு பார்த்தாலும் க்யூ.ஆர். கோடு அட்டை தொங்குகிறது. அட்டையை மாட்டியதோடு போனுக்கு வேலை முடிந்தது என்று பல வியாபாரிகள் இருந்து விடுகிறார்கள். ஆனால் சரக்கு என்ன விலைக்குப் போகிறது, பணம் வந்ததா இல்லையா, யார் யார் எவ்வளவு பாக்கி, பேங்க் கடனுக்கு என்ன சான்று வேணும் என்பதை எல்லாம் அதே போனில் பைசா செலவில்லாமல் பார்த்துக்கொள்ள முடியும். அடுத்தவர் பேச்சை நம்பி கைப்பணத்தை இழக்காமல் இருக்கவும் இது உதவும். அதன் விவரம் வருமாறு:-

ஏலக்காய் விலை கையிலேயே இருக்கு

போடிநாயக்கனூரில் முன்பு ஏலக்காயை வாயால் விலை கேட்டு ஏலம் விட்டார்கள். 2007-ம் ஆண்டு முதல் மின்னணு ஏலம் வந்தது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்பு உட்கார்ந்து, ஒவ்வொரு லாட்டுக்கும் பட்டனைத் தட்டி விலை கேட்கிறார்கள். போடியிலும், இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடக்கும் ஏல விவரத்தை ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருட்கள் வாரியம் தனது இணையதளத்தில் வெளியிடுகிறது. எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, அதிகபட்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்று அதில் பார்க்கலாம்.

ஏலத்துக்குப் போகாமல் உள்ளூர் கடையில் 10 கிலோ, 20 கிலோ என்று காய் போடும் சிறு விவசாயிகளுக்கு இது ரொம்ப முக்கியம். 'இன்னைக்கு விலை இறங்கிருச்சுண்ணே' என்று ஒருவர் சொன்னால், உண்மையா என்று அங்கேயே பார்த்து விடலாம்.

இதில் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். அதிகபட்ச விலை என்பது நல்ல பருமனும் பச்சை நிறமும் உள்ள ஒரு சில லாட்டுக்குக் கிடைப்பது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7 ஆயிரம் ரூபாய்க்குப் போனது என்று ஊரே பேசியது. அது அன்றைய அதிகபட்ச விலை. சராசரி விலை அதற்கு வெகு கீழே இருந்தது. எனவே கலப்புக் காய் விற்பவர்கள் சராசரி விலையை வைத்துப் பேரம் பேசுவதே சரி.

காய்கறி, வாழை விற்பவர்களுக்கு தமிழக அரசின் 'உழவன்' ஆப் இருக்கிறது. 2018-ல் தொடங்கப்பட்ட இந்த ஆப்பில், ஊர் வாரியாக சந்தை விலை நிலவரம் தமிழிலேயே வருகிறது.

'அனுப்பியாச்சுண்ணே' - உஷார்!

கூட்டம் இருக்கும் நேரத்தில் கடைக்கு வரும் ஆசாமி, போன் ஸ்கிரீனைக் காட்டி 'அனுப்பியாச்சுண்ணே' என்று சொல்லிவிட்டு சரக்கோடு நடையைக் கட்டுகிறான். மாலையில் கணக்குப் பார்த்தால் அந்தப் பணம் வந்திருக்காது. பணம் போனது மாதிரியே காட்டும் போலி ஆப்கள் உலவுவதுதான் காரணம்.

இதற்கு ஒரே வழி, வாடிக்கையாளர் போனைப் பார்க்காமல் தன் போனைப் பார்ப்பது. கையில் வேலையாக இருப்பவர்கள், பணம் வந்ததும் சத்தம் போட்டுச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி வைத்துக்கொள்ளலாம். வாங்கும் முன்பு மாத வாடகை எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது நல்லது. மற்றபடி பேங்க் கணக்கில் இருந்து யு.பி.ஐ. மூலம் வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கமிஷன் பிடிக்கக்கூடாது.

இன்னொரு மோசடியும் உண்டு. '500 ரூபாய்க்குப் பதிலா 5 ஆயிரம் அனுப்பிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க' என்று போன் வரும். பேங்க் மெசேஜ் மாதிரியே ஒரு போலி மெசேஜும் வந்திருக்கும். பேங்க் கணக்கில் இருப்பைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பக்கூடாது. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடவே தேவையில்லை. பின் நம்பர் போடச் சொன்னாலே அது பணம் வெளியே போகிற வழி.

காலையில் கடை திறந்ததும் க்யூ.ஆர். அட்டை மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, ஸ்கேன் செய்தால் தன் பேர் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடன் நோட்டுக்கு பதில் ஆப்

'எழுதி வச்சுக்கங்க, சம்பளம் வந்ததும் தர்றேன்' என்பது மளிகைக் கடையில் தினமும் கேட்கும் பேச்சு. இந்தப் பாக்கியை எழுத கட்டாபுக், ஓகே கிரெடிட் போன்ற ஆப்கள் இருக்கின்றன. பேரையும் தொகையையும் போட்டால், வாங்கியவருக்கு மெசேஜ் போய்விடும். 'நான் அவ்வளவு வாங்கலையே' என்ற தகராறு வராது. போன் தொலைந்தாலும், அதே நம்பரில் நுழைந்து கணக்கை மீட்கலாம்.

தினக் கணக்கு எழுதுவதில் வேறு லாபமும் உண்டு. 2025 ஜூலையில் பெங்களூருவில் பேக்கரி, காய்கறி, டீக்கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்து பெரிய பரபரப்பு ஏற்பட்டது. யு.பி.ஐ. மூலம் வந்த மொத்தத் தொகையை வைத்து நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். பலர் க்யூ.ஆர். அட்டையையே கழற்றி வைத்தார்கள்.

பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். ரொக்க விற்பனையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால் அட்டையைக் கழற்றுவதால் பயன் இல்லை. பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது. ஆனால் மச்சான் அனுப்பிய பணம், சீட்டுப் பணம், கடைப் பணம் எல்லாம் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், எது விற்பனை என்று நிரூபிப்பது கஷ்டம். கடைக்குத் தனி பேங்க் கணக்கும், தினக் கணக்கும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

சபரிமலை சீசனில் கடை தேடும் கார்கள்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் தேனி, கம்பம், குமுளி வழியாக ஐயப்ப பக்தர்கள் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். வெளியூர் டிரைவர்கள் சாப்பாட்டுக் கடையையும், பஞ்சர் கடையையும் கூகுள் மேப்பில்தான் தேடுகிறார்கள். மேப்பில் இல்லாத கடையைத் தாண்டிப் போய்விடுவார்கள். கடைப் பேர், போன் நம்பர், திறக்கும் நேரம், ரெண்டு போட்டோ போட்டு கூகுளில் பதிவு செய்ய கட்டணம் இல்லை. 'கூகுள்ல இருந்து பேசுறோம், பணம் கட்டலைன்னா கடைப் பேரை எடுத்துருவோம்' என்று யாராவது போன் செய்தால் அது மோசடி.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பும் இலவசம்தான். பொருளின் போட்டோவையும் விலையையும் அதில் வரிசையாகப் போட்டு வைக்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை விற்பவர்கள், இன்று பறித்த பழத்தின் போட்டோவை வாங்குபவருக்கு நேரடியாகக் காட்டலாம்.

உதயம் சான்றுக்கு காசு கட்டாதீங்க

சிறு தொழிலுக்கு பேங்க் கடன் கேட்டுப் போனால் 'உதயம் சர்டிபிகேட் இருக்கா?' என்பார்கள். 2020 ஜூலை 1-ந்தேதி முதல் இந்தப் பதிவு நடக்கிறது. ஆதார் நம்பரும், அதோடு இணைந்த செல்போனும், பான் நம்பரும் இருந்தால் மத்திய அரசின் உதயம் இணையதளத்தில் பதிவு செய்யலாம். அரசுக்கு ஒரு ரூபாய் கூட கட்டணம் இல்லை. ஆனால் அரசு இணையதளம் மாதிரியே தோன்றும் தனியார் தளங்கள், விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு பணம் கேட்கின்றன. முகவரியின் முடிவில் 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று இருந்தால்தான் அது அரசு தளம்.

ரோட்டோரம் கடை போடுபவர்களுக்கு பிரதமரின் ஸ்வநிதி திட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இதன் கடன் தொகை உயர்த்தப்பட்டது. முதல் தவணையாக 15 ஆயிரம் ரூபாய் வரை கிடைக்கும். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25 ஆயிரம், பிறகு 50 ஆயிரம் வரை வாங்கலாம்.

'5 நிமிஷத்தில் கடன்' என்று விளம்பரம் செய்யும் ஆப்கள் பக்கம் போகும் முன்பு யோசிக்க வேண்டும். போனில் உள்ள நம்பர்களையும், போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்கும் கடன் ஆப்பை உடனே நீக்கி விடுவது நல்லது.

எல்லாம் கவனமாக இருந்தும் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. உடனே 1930 என்ற நம்பருக்கு போன் செய்து புகார் கொடுக்க வேண்டும். மோசடிக்காரன் பணத்தை எடுப்பதற்குள் தகவல் போனால், அதை முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது. இந்த 4 எண்களையும் கல்லாப்பெட்டி மேல் எழுதி ஒட்டி வைப்பது நல்லது.