மரமும் நாதமும்

தந்தி தனித்து ஒலிக்குமாயின் அவ்வோசை அயலார் செவிக்கும் நன்கு எட்டாது. அதன் அதிர்வைக் குதிரை வழியாக ஏற்றுக் காற்றினை அசைப்பது மரமே. தஞ்சை வீணைக்குப் பலாமரம் போன்று, கிற்றாரின் மேற்பலகைக்கு ஸ்புரூஸ் மரம் சிறந்ததாகக் கொள்ளப்படுகின்றது. அது எடை குறைந்தது. ஆயினும் இழைவழியே விறைப்பு மிக்கது. அத்தகைய பலகையே சிறு அதிர்வுக்கும் இசைந்து அசையும்.

விலை குறைந்த கிற்றார்களில் ஒட்டுப்பலகையே பெரிதும் வழங்குகின்றது. மென்தகடுகளை இழை குறுக்கிட அடுக்கிப் பசையிட்டு ஆக்கப்படுதலின், அது மேற்பலகையாகும்போது அதிர்வை அடக்குகின்றது, நாதம் மங்குகின்றது.

பின்பலகையும் பக்கங்களும் அத்துணை முதன்மையுடையன அல்ல. ஸ்பானியக் கைவினைஞர் அன்டோனியோ தெ டோரெஸ் 1862 இல் அவற்றைக் காகித அட்டையாலேயே அமைத்துக் காட்டினார். 2018 இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், பின்மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிற்றார்களை 52 கலைஞர் மரம் இன்னதென்று அறியாது வாசித்து மதிப்பிட்டனர். தரத்திற் பெரிய வேறுபாடு புலப்படவில்லை.

அக்கரப்பத்தனை போன்ற மலைநாட்டு ஊர்களில் மழைக்கால ஈரமும் வறட்சியும் மாறிவரத் தனிமரப் பலகை விரிந்து சுருங்கும், வெடிக்கவுங் கூடும். ஒட்டுப்பலகை அதனைத் தாங்கும். ஆதலின், பெற்றோர் கொழுந்து பறித்து ஈட்டிய பணத்தைக் கொண்டு கிற்றார் வாங்கப் புகும் மாணவன், ஈட்டி, மகோகனி என்னும் பெயர்களுக்கு மயங்குதல் வேண்டா. ஒலித்துளையின் விளிம்பை நோக்குக: மேற்புறத்து இழை அறாது உள்ளே தொடருமாயின் அது தனிமரம், அடுக்குகள் தோன்றுமாயின் ஒட்டுப்பலகை. மேற்பலகை தனிமரமாகவும் ஏனைய ஒட்டுப்பலகையாகவும் அமைந்ததே அவனுக்கு ஏற்றதாம். அதனை அடுப்பங்கரைச் சூட்டினின்றும் காத்தல் அவன் கடன்.