எல்லையைத் தாண்டியது 2012-ல்... தெரிய வந்தது 2013-ல்! வாயேஜர் 1 வைத்த சஸ்பென்ஸ்

வாயேஜர் 1 விண்கலம் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்தது 2012 ஆகஸ்ட் 25-ல். நாசா அதை அறிவித்ததோ 2013 செப்டம்பர் 12-ல்தான். நடுவில் ஒரு வருஷத்துக்கும் மேல் என்ன நடந்தது?

முதலில், எந்த எல்லை? சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் நாலாபக்கமும் வீசிக்கொண்டே இருக்கின்றன. இதுதான் சூரியக் காற்று. புளூட்டோவையும் தாண்டி வெகுதூரம் போன பிறகு, விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயு எதிர்த்துத் தள்ள, இந்தக் காற்று நின்றுவிடுகிறது. அந்த இடத்தின் பெயர் ஹீலியோபாஸ். 'சூரியக் குடும்பத்தை விட்டே போயிடுச்சு' என்று ஃபார்வேர்டு மெசேஜ் வந்தால் நம்ப வேண்டாம். சூரியனின் ஈர்ப்பில் இருக்கும் ஊர்ட் மேகத்தின் உள்விளிம்பை எட்டவே இன்னும் சுமார் 300 ஆண்டுகள் ஆகும்.

சரி, அங்கே செக்போஸ்ட்டா இருக்கு, தாண்டியதும் தெரிய? பிளாஸ்மாவின் அடர்த்தியை அளந்தால் போதும். எல்லைக்கு வெளியேதான் அடர்த்தி அதிகம். இங்கதான் சிக்கல். அதை நேரடியாக அளக்கும் கருவி வாயேஜர் 1-ல் 1980-லேயே பழுதாகிவிட்டது.

2012 ஆகஸ்டில் சூரியத் துகள்கள் சட்டென்று குறைந்தன. வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கூடின. ஆனால், மாறும் என்று எதிர்பார்த்த காந்தப்புலத்தின் திசை மட்டும் மாறவில்லை. தாண்டியதா, இல்லையா என்று விஞ்ஞானிகளுக்குள் வாதம் நீண்டது.

கடைசியில் கைகொடுத்தது சூரியனேதான். 2012 மார்ச்சில் அங்கே ஏற்பட்ட வெடிப்பின் தாக்கம், 13 மாதம் பயணித்து 2013 ஏப்ரலில் வாயேஜரைச் சுற்றியிருந்த பிளாஸ்மாவை மணி அடித்தாற்போல் அதிரவைத்தது. விண்கலத்தின் ஆன்டெனா அதைப் பதிவு செய்தது. பிளாஸ்மா அடர்த்தியாக இருந்தால் அதிர்வெண்ணும் கூடும். அதை வைத்து அயோவா பல்கலைக்கழகத்தின் டான் கர்னெட் குழு கணக்குப் போட்டது: எல்லைக்கு உள்ளே இருந்ததைவிட சுமார் 40 மடங்கு அடர்த்தி! பழைய பதிவுகளைத் தோண்டியபோது, 2012 இறுதியிலும் மெலிதாக ஓர் அதிர்வு பதிவாகியிருந்தது.

வாயேஜர் 2-க்கு இந்தப் பாடு இல்லை. அதன் கருவி நல்ல நிலையில் இருந்ததால், 2018 நவம்பர் 5-ல் சூரியக் காற்று ஓய்ந்ததை நேரடியாகவே பதிவு செய்துவிட்டது.

இப்போதைய கவலை கரன்ட். புளூட்டோனியத்தின் வெப்பத்தில் கிடைக்கும் மின்சாரம், ஒவ்வொரு விண்கலத்திலும் ஆண்டுக்கு சுமார் 4 வாட் குறைகிறது. அதனால் கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். எல்லையைக் காட்டிக்கொடுத்த வாயேஜர் 1-ன் காஸ்மிக் கதிர் கருவியும் 2025 பிப்ரவரியில் அணைக்கப்பட்டது. இவற்றுக்குப் பின்னால், தொடர்பில் இருந்தபடி வெளியே போய்க்கொண்டிருப்பது 2006-ல் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் மட்டும்தான். அது இன்னும் எல்லையைத் தொடவில்லை.